ரேழிக்கு எத்தனை கதவு? பாபநாசம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோரிக்கை ஒற்றை வரிதான்: "வாசலில் கால் வைக்க இடமில்லை சார், பெருசா ஒரு மூடுன அலமாரி செஞ்சு குடுத்துட்டீங்கன்னா எல்லாத்தையும் உள்ள தள்ளிக் கதவைச் சாத்திடுவோம்." சொன்னது அந்த வீட்டு மருமகள். வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவர்களிடம் இப்போது இது அடிக்கடி வருகிறது. சமையலறை முடிந்தது, டிவி சுவர் முடிந்தது, இப்போது எல்லோரும் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் "எல்லாத்தையும்" என்ற சொல்லைக் கேட்டதும் நான் கொஞ்சம் நிதானித்துவிடுவேன். காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாசலில் கிடக்கிற பொருளில் பெரும்பகுதி ஈரம். ஈரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் வாசல் பார்க்க அழகாகிவிடும், அலமாரி நாற ஆரம்பிக்கும்.

அதனால் இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி எந்த அலமாரி வாங்குவது என்பதில்லை. எதை மூடுவது, எதைத் திறந்தே விடுவது என்பதுதான்.

வீடும் ஆட்களும்

வயலை ஒட்டிய தெருவில் பழைய ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் திண்ணை, திண்ணைக்கு முன்னால் பிற்பாடு தகரச் சாய்ப்பு இறக்கிக் கம்பி கேட் போட்ட நாலடிப் பட்டை, நிலைவாசல், அதைத் தாண்டினால் நாலரை அடி அகலத்தில் ரேழி என்கிற நடை, அப்புறம் முற்றத்தோடு கூடம். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், தரை சிவப்பு ஆக்சைடு. ரேழிச் சுவரில் முழங்காலுக்கு மேல் வரை ஓதம் அடித்து, உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஈரத்தடுப்பு இல்லாமல் எழுப்பிய பழைய சுவர்களில் இது சகஜம். பெயிண்ட் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

ஆட்கள் ஆறு பேர். வயல் பார்க்கிற பெரியவர், அவர் மனைவி, தஞ்சாவூரில் வேலை பார்த்துக்கொண்டு தினமும் ரயிலில் போய்வருகிற மகன், பள்ளியில் பாடம் எடுக்கிற மருமகள், இரண்டு பிள்ளைகள். காலையில் ஏழரைக்குள் நான்கு பேர் வெளியே கிளம்ப வேண்டும். பெரியவர் அதற்கு முன்பே வயலுக்குப் போய்ச் சேற்றுக் காலோடு திரும்பியிருப்பார். இந்த ஒரு மணி நேரத்தில் அந்த நாலரை அடி ரேழி என்ன பாடுபடுகிறது என்று பார்த்தால்தான் அலமாரியின் அளவு தெரியும், டேப் பிடித்து அளந்தால் மட்டும் தெரியாது.

வாசலில் என்னதான் கிடந்தது

எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பச் சொன்னேன். மருமகளுக்கு இது பிடிக்கவில்லை, தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று. ஆனாலும் செய்தோம். செருப்பும் ஷூவுமாக 31 ஜோடி. இரண்டு ஹெல்மெட், அதில் ஒன்றுக்கு முன்கண்ணாடி இல்லை. குடைகள், மழைக்கோட்டு, சைக்கிள் பம்ப், டார்ச், மின்கட்டண அட்டை, கேஸ் புத்தகம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளை ஒன்றுக்குள் ஒன்று திணித்த பெரிய மூட்டை, காற்று இறங்கிய பந்து, போன வருஷத்துப் பத்திரிகைகள், கைத்தெளிப்பான். அதற்குப் பின்னால், பாதி தீர்ந்த பூச்சிமருந்து பாட்டில் இரண்டு.

அந்தப் பாட்டில்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூடு அலமாரி என்றாலே அவை உள்ளேதான் போகப்போகின்றன. "கதவு இருக்குல்ல, பிள்ளைங்க எடுக்காது" என்று பெரியவர் சொன்னார். கூடாது. பள்ளிப் பையும் சாப்பாட்டுக் கூடையும் போய்வருகிற இடத்தில் பூச்சிமருந்துக்கு இடமே இல்லை, கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை தேங்கி நிற்கும், ஒழுகினால் பக்கத்தில் இருக்கிற துணியில் ஊறும். வயலில் மோட்டார் கொட்டகை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. தெளிப்பானோடு அங்கே போய்விட்டது. அலமாரி வேலையில் இந்த வீட்டுக்கு நடந்த நல்ல காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, இதற்குக் காசும் செலவில்லை.

மிச்சத்தைப் பிரித்தோம். 31 ஜோடியில் ஆறு, வார் அறுந்தும் அடி தேய்ந்தும் யாருக்கும் உதவாதவை. பதினொன்று தினமும் காலில் ஏறுபவை, மழை நாளில் நனைந்தே வீடு திரும்புபவை. மீதி பதினான்கு விசேஷத்துக்கும் வெளியூருக்கும் மட்டும். மூட வேண்டியது இந்தப் பதினான்குதான். 31 ஜோடிக்கு அலமாரி என்று ஆரம்பித்த பேச்சு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கடையில் பார்த்து வைத்திருந்த ஆளுயர அலமாரி தேவைப்படவே இல்லை.

செருப்பு எந்தப் பக்கம்

மருமகள் ரேழிக்குள் ஒரே நீள அலமாரியாகக் கேட்டார். பெரியவரின் மனைவி, பெரியம்மா, கூடத்திலிருந்தே சொன்னார்: "நிலைப்படிக்கு மஞ்ச குங்குமம் வைக்கிறோம் தம்பி, அதுக்கு உள்ளாற செருப்பு அலமாரியா? அப்புறம் வெள்ளிக்கிழமை நான் எங்க கோலம் போடறது?" மருமகள் என்னைப் பார்த்தார். மாமியாரை எதிர்த்துப் பேச அவருக்கு விருப்பமில்லை, "அத்தை சொல்றதும் சரிதான், ஆனா வெளில வெச்சா சாரல் அடிக்குமே" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. சாஸ்திரத்தை விடுங்கள், சேற்றுக் கால் நிலைப்படிக்கு வெளியே நிற்பதுதான் கணக்குப்படியும் நல்லது. சேறு காய்ந்தால் தூசி, தூசி ரேழியில் பறந்தால் கூடத்துக்கு வரும். அதனால் வேலையை இரண்டாக உடைத்தோம். காலுக்கு உரியது எல்லாம் வெளியே சாய்ப்புக்குக் கீழே, திண்ணையின் முன்முகத்துக்கு முதுகு காட்டி. கைக்கும் தலைக்கும் உரியது, அதாவது சாவி, பை, ஹெல்மெட், காய்ந்த குடை, அட்டைகள், ரேழிக்குள். ஒரே பெட்டியில் இரண்டையும் வைக்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. செருப்புக்கு மேல் தட்டில் சாப்பாட்டுக் கூடையை வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வெளி அலமாரி: எதையெல்லாம் கழித்தோம்

முதலில் கழிந்தது துகள் பலகையில் செய்த ரெடிமேட் செருப்பு அலமாரி. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. மேலே ஒட்டிய படலம் நன்றாக இருக்கும் வரை சரி, விளிம்பில் ஒரு கீறல் விழுந்து தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும், ஊதியது திரும்ப வற்றாது. தரையைத் துடைக்கிற தண்ணீரே போதும் அதற்கு. மழைச்சாரல் படுகிற இடத்துக்கு யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, இழுத்தால் முன்பக்கம் சாய்கிற தட்டு வைத்த ஒல்லி அலமாரி. செருப்பைச் செங்குத்தாக நிறுத்துவதால் ஏழெட்டு அங்குல ஆழத்திலேயே அடங்கிவிடும், குறுகிய இடத்துக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வடிவம் இல்லை. ஆனால் திறக்கும்போது பாரம் முன்னால் வரும், சுவரில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் கவிழும், அதைப் பிடித்துத் தொங்குகிற வயதில் வீட்டில் பிள்ளை இருக்கிறது. சுவரோ சுண்ணாம்புச் சுவர். சோதனைக்கு ஓர் இடத்தில் துளை போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பொடி கொட்டியது, அப்புறம் செம்பொடி, அப்புறம் ஒன்றுமில்லாமல் டிரில் தானாக உள்ளே போயிற்று. பிளாஸ்டிக் கட்டையை நுழைத்துத் திருகை முறுக்கினால் கட்டையும் சேர்ந்து சுற்றியது. அத்தோடு அந்த யோசனையை மூட்டை கட்டினோம். சுவரில் தொங்கவிடுகிற அலமாரியும் அதே காரணத்துக்காகப் போனது.

தகர பீரோ வகை ஒன்று பட்டறையில் செய்து தருவதாகச் சொன்னார்கள். மோசமில்லை. பவுடர் கோட்டிங் நன்றாக இருந்தால் உள்ளூரில் பல வருஷம் வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடற்காற்று அடிக்கிற ஊரில் திருகு முனையிலும் மடிப்பிலும் துரு சீக்கிரம் பிடிக்கும், இங்கே அந்தத் தொல்லை குறைவு. கடைசியில் இதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் வேறு: கொல்லையில் பழைய தேக்கு ஜன்னல் கதவு ஒரு ஜோடி சும்மா கிடந்தது.

பட்டைகளைச் சாய்த்துச் செருகிய கதவுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம், 28 அங்குல உயரம். காற்று போகும், கண்ணுக்கு மறைக்கும். செருப்பு அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமான கதவைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஆசாரி துடைத்து எண்ணெய் தேய்த்ததும் உள்ளிருந்த நிறம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், பட்டைகளின் சரிவு வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் சாரல் வெளியே வடியும். அவசரத்தில் ஒரு கதவை உள்வெளி மாற்றி மாட்டினால் ஒவ்வொரு பட்டையும் தண்ணீரை ஏந்தி உள்ளே ஊற்றும்.

பக்கப் பலகைக்கும் தட்டுகளுக்கும் டபிள்யூபிசி, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது. குறை என்னவென்றால் திருகைப் பிடித்துக்கொள்ளும் பலம் நல்ல பிளைவுட் அளவுக்கு இருக்காது. தேக்குக் கதவின் கனத்தைப் பார்த்துவிட்டு ஆசாரி, "கீல் இதுல நிக்காது சார், நாலு மாசத்துல கதவு கையோட வந்துரும்" என்றார். அதனால் ஓர் அங்குலச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்து சட்டம் கட்டி, கீலைச் சட்டத்தில் மாட்டி, பலகைக்கு வெறும் தாங்குகிற வேலையை மட்டும் கொடுத்தோம்.

அளவுகள் இப்படி. ஆணின் ஒன்பதாம் நம்பர் ஷூ வெளிநீளத்தில் ஏறக்குறைய ஓர் அடி. உள் ஆழம் 13 அங்குலம் வைத்தால் குதிகால் கதவில் இடிக்காது. ஒரு ஜோடிக்கு அகலம் ஒன்பது அங்குலம் என்று வைத்தால் மூன்றடியில் நான்கு ஜோடி, பெண்கள் செருப்பு என்றால் ஐந்து. தட்டுக்குத் தட்டு ஆறு அங்குலம், நான்கு தட்டு. பதினாறு ஜோடி பிடிக்கிறது, இருப்பது பதினான்கு. இதற்கு மேல் ஒரு தட்டு கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் இருந்தால் அறுந்த செருப்பு திரும்பக் குடியேறும்.

கால் ஆறு அங்குலம். இதில் நான் பிடிவாதம். வயலோரத்து வீட்டில் மழைக்காலத்தில் தேளும் பாம்பும் உலர்ந்த இடுக்கைத் தேடி வரும், கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரைக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அங்குல இருட்டு இடைவெளி விடுவதுதான் இருப்பதிலேயே மோசம்: துடைப்பமும் போகாது, டார்ச் வெளிச்சமும் போகாது. ஒன்று முழுக்க அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துடைப்பம் தாராளமாக நுழைகிற உயரம் வேண்டும். பட்டைக் கதவுக்கு உட்புறம் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தாயிற்று, முதுகுப் பலகையில் மேலும் கீழும் வரிசையாகத் துளை போட்டு அதற்கும் வலை. கரப்பானும் எலிக்குஞ்சும் நுழையாது, காற்று மட்டும் கீழே புகுந்து மேலே வெளியேறும். முதுகு திண்ணையில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி.

தினசரிப் பதினொரு ஜோடிக்குப் பக்கத்திலேயே ஸ்டீல் குழாயில் இரண்டு தட்டுத் திறந்த ஸ்டாண்ட். கதவே கிடையாது. சேறும் தண்ணீரும் நேரே தரைக்குச் சொட்டும், தரை கேட் பக்கம் சரிவாக இருக்கிறது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. விருந்தாளி செருப்பும் இங்கேதான், அல்லது கேட்டுக்கு வெளியே. ஒரு விசேஷத்துக்கு ஐம்பது பேர் வந்தால் எந்த அலமாரியும் போதாது, அதற்காகத் திட்டம் போடுவது வீண்.

ரேழிக்குள்

இது சின்ன வேலை. வலப்பக்கச் சுவரில் விளக்கு மாடம் இருப்பதால் அலமாரி இடப்பக்கம். உயரம் மூன்றரை அடி, ஆழம் 14 அங்குலம். ஆழத்தை முடிவு செய்தது ஹெல்மெட். முகம் மூடுகிற வகை ஏறக்குறைய 14 அங்குலம் நீளம் வரும், கொஞ்சம் கோணலாக வைத்தால் கதவு சாத்தும். 54 அங்குல ரேழியில் இதுவும் சுவரோரம் விட்ட ஓர் அங்குலமும் போக 39 மிச்சம், இரண்டு பேர் ஒதுங்கிப் போகலாம். கதவு ஒவ்வொன்றும் 15 அங்குலம். திறந்து நிற்கிற நேரத்திலும் ஒருவர் போக வழி இருக்கிறது. தள்ளுகதவு கேட்டார்கள். வாசல் பக்கத்தில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, கீழ்த் தண்டவாளத்தில் மணல் சேர்ந்து ஒரு மாதத்தில் கரகரக்கும், அதோடு எப்போதும் பாதிதான் திறக்கும்.

பலகை பிளைவுட். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. "வாட்டர் ப்ரூஃப்" என்று எல்லாப் பலகையிலும் சொல்வார்கள், பலகை மேல் அடித்திருக்கிற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 303 என்றால் பொது உபயோகம், அதில் எம்ஆர் என்பது காற்று ஈரத்தை ஓரளவு தாங்கும், பிடபிள்யூஆர் அதற்கு மேல். ஐஎஸ் 710 என்றால் மரைன், தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்குவது. ஓதம் அடிக்கிற சுவருக்குப் பக்கத்தில் என்பதால் 710 போட்டோம், பட்ஜெட் இடித்தால் பிடபிள்யூஆர் கூடப் போதும், எம்ஆர் மட்டும் வேண்டாம். பலகை எதுவானாலும் வெட்டிய விளிம்பை மூடாமல் விட்டால் பயனில்லை; கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்புக்கும் முதுகு விளிம்புக்கும் பட்டை ஒட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதை யாரும் செய்வதில்லை.

சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, காலில் நிற்கிறது. கரையான் மண் கூட்டைச் சுவர் வழியாக இழுத்துக்கொண்டு வந்தால் பலகையைத் தொடுவதற்கு முன் கண்ணில் படும். ஓதத்துக்கு மேலே, செங்கல் கெட்டியாக இருந்த இரண்டு இடத்தில் நீள ஃபாஸ்னர் போட்டுப் பிடித்திருக்கிறோம், எடையைத் தாங்க இல்லை, பிள்ளைகள் ஏறினால் கவிழாமல் இருக்க.

மழை முடிந்த பிறகு

கார்த்திகை கடந்து போய்ப் பார்த்தேன். வெளி அலமாரியில் இருந்த பட்டுப்புடவைச் செருப்பும் (அப்படித்தான் அந்த வீட்டில் சொல்கிறார்கள், விசேஷச் செருப்பு) தோல் செருப்பும் சுத்தமாக இருந்தன, மகனுடைய கறுப்பு ஷூ ஒன்றில் மட்டும் தையல் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை. ரயிலிலிருந்து இறங்கி நனைந்துகொண்டு வந்தவர் வழக்கம்போல நேரே உள்ளே வைத்துச் சாத்தியிருக்கிறார். பட்டைக் கதவு காற்று விடும், அதற்காக ஊறின தோலை உலர்த்தித் தராது. பெரியம்மா உள்ளே நாப்தலின் உருண்டை போட்டிருந்தார். அது பூச்சிக்கு, ஈரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இப்போது ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ராத்திரி முழுக்கத் திறந்த ஸ்டாண்டில் வைக்கிறார்கள், தாள் ஊறினால் மாற்றுகிறார்கள். அவரும் இன்னொரு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறார்.

ரேழி அலமாரியில் ஓர் இடம் ஒத்துவரவில்லை. பிள்ளைகளின் பள்ளிப் பைக்கு என்று கீழே கதவு போட்ட அறை. கதவைத் திறந்து, பையை வைத்து, கதவைச் சாத்துகிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? பை ரேழியின் நடுவில் கிடந்தது, கதவு திறந்தே இருந்தது, பெரியம்மா காலில் இடித்துக்கொண்டார். அந்தக் கதவைக் கழற்றிவிட்டோம். இப்போது பை உள்ளே போய்விடுகிறது, பார்க்கக் கொஞ்சம் அலங்கோலம்தான், ஆனால் தரையில் இல்லை. மருமகளுக்கு அந்த ஓட்டை கண்ணை உறுத்துகிறது. திரை போடலாமா என்று கேட்டார், போடுங்கள் என்றேன், இன்னும் போடவில்லை.

சாவிக்கும் மின்கட்டண அட்டைக்கும் மேலே சின்ன இழுப்பறை வைத்தது எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைக்கிறது. தாம்பூலப் பை மூட்டை மட்டும் எப்படியோ திரும்ப வந்துவிட்டது, ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

திண்ணை இல்லாத வீடு என்றால்

கும்பகோணத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து இதே அளவைக் கேட்டார்கள். அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. அங்கே சாய்ப்பு இல்லை, மாடிப்படி முகப்பு பொதுவழி, அங்கே அலமாரி வைத்தால் ஆபத்து நேரத்தில் இறங்குகிற வழி அடைபடும். ஆனால் சுவர் கெட்டியான சிமெண்ட் சுவர். நான் இங்கே கழித்த ஒல்லிச் சாய்தட்டு அலமாரி அங்கே நன்றாகவே பொருந்தும், உள்ளே போடுகிற செருப்பு காய்ந்ததாக இருந்தால். நனைந்ததற்குப் பால்கனியில் ஒரு திறந்த ஸ்டாண்ட் தனியாக வேண்டும், அதற்கு இடம் பார்க்காமல் மூடு அலமாரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ரெடிமேடாக வாங்குவதானால் வீட்டில் பெரிய காலுக்குச் சொந்தக்காரரின் ஷூவைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்; உள்ளே வைத்துக் கதவு முழுசாகச் சாத்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம், விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.